சிரித்த பிறகு எடுத்த ஷாட்

பூசணிக்காய் உடைப்பதில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை, மேடம். ஆனால் தடுத்ததும் இல்லை. படம் முடிகிற அன்றைக்குத் திருஷ்டி கழித்தால்தான் யூனிட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் போக மனசு வரும். கழித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன நஷ்டம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிணமாக நடித்தவர், ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காமல் போனால் நடித்தது நிஜமாகிவிடும் என்பார்கள். என் படத்தில் பிணமாக நடித்த கருப்பும் சிரித்தான். எங்கள் தோட்டத்துக் கிணற்றுக் கரையில் எழுந்து உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அன்றைக்கு மத்தியானமே அதே கிணற்றில் செத்தும் போனான். அவன் தனியாகக் குளிக்கப் போனான், விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில்தான் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டு நீங்கள் இவ்வளவு பொறுமையாகக் கேட்பதால், நடந்தது நடந்தபடி சொல்லிவிடுகிறேன். சினிமா நிருபர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

சொந்தக் காசில் படம் எடுப்பவனை மதுரையில் கிறுக்குப் பயல் என்றுதான் சொல்வார்கள். ஒத்தக்கடைப் பக்கம் இருந்த எங்கள் நிலம் பிளாட்டானபோது என் பங்கை வாங்கி முதல் படத்தை எடுத்தேன். இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் பாண்டியராஜன். நடிகர்களை வீட்டில் போய் ஏற்றிவந்த டிரைவரும் பாண்டியராஜன்தான். அதற்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் வரவேற்பறையில் கதையோடு காத்துக் கிடந்தேன். அங்கே வேலை பார்த்த பெண் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, திரும்ப வேலைக்கே வந்துவிட்டாள். நான் அதே சோபாவில் இருந்தேன்.

கருப்பைக் கண்டுபிடித்தது நான். பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா சோணையம்மாள் எங்கள் வயலில் நாற்று நட்டவள். அவனைக் கூடத்தில் உட்கார வைத்து, நாங்கள் சாப்பிடும் தட்டிலேயே சோறு போட்டேன். எங்கள் சொந்தபந்தத்தில் வேறு எவனும் அதைச் செய்ததில்லை. இதை நான் வெளியே சொல்லிக் காட்டியதும் இல்லை. நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

முதல் படம் விழாக்களுக்குப் போனது. ஒரு விழாவில், படம் முடிந்து எங்களை மேடையேற்றினார்கள். இயக்கத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த அழுகைக் காட்சியில் எப்படி நடித்தீர்கள் என்று கருப்பிடம் கேட்டார்கள். மைக்கை வாங்கி, “அண்ணன் பாருன்னாரு, பார்த்தேன். அம்புட்டுத்தான்” என்றான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். கிளாப் போர்டைத் தொட்டே பார்க்காத ஒருவன், கருப்பு இல்லையென்றால் இந்தப் படமே இல்லை என்று எழுதினான். அந்தப் பத்திரிகையை எனக்குக் கொண்டுவந்து காட்டியதும் கருப்புதான். பெருமையாகத்தான் காட்டினான், பாவம்.

இரண்டாவது படம் உங்களுக்கே தெரியும். கூலி கேட்டவனை இடுப்பில் கல்லைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். அழகர்கோவில் போகிற வழியில் இருக்கும் எங்கள் தோட்டத்தில்தான் மொத்தமும் எடுத்தேன். மற்றதெல்லாம் வந்துவிட்டது, அந்த மூழ்குகிற காட்சி மட்டும் வரவில்லை. கிணற்றில் குதித்தே வளர்ந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டு பயம் எங்கிருந்து வரும்? கல்லும் தெர்மாகோலில் செய்தது. அவனுக்கு முன்னால் அது மேலே வந்து மிதந்தது. யூனிட்டே சிரித்தது, கருப்பு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் காலையில் பிணம் கரையில் கிடக்கிற ஷாட்டை எடுத்தோம். அவன் சிரித்தான். மேக்கப் போடும் முத்துத்தாய் சூடம் சுற்றி, அவன் நெற்றியில் குங்குமம் அப்பினாள். பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோரும் சாமான்களை வேனில் ஏற்றும்போது கருப்பு என் பக்கத்தில் வந்தான்.

“அண்ணே, ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். மெட்ராஸ் கம்பெனில கூப்பிட்டிருக்காக.”

“நடிக்கவா மாப்ள?”

“டைரக்ட் பண்ணண்ணே. எங்க ஐயா கதையச் சொன்னேன். பிடிச்சுப் போச்சாம்.”

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அதே கம்பெனிதான்.

“எம்புட்டு நேரம் காக்க வச்சாங்க?”

“காக்கவெல்லாம் வைக்கலண்ணே. வாசல் வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போனாக.”

என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் தோளைத் தட்டிக் கொடுத்தேன். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை, மேடம். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் நினைத்தது அந்த வராத ஷாட்டைத்தான்.

யூனிட்டை ஒத்தக்கடையில் ஒரு மெஸ்ஸுக்குச் சாப்பிட அனுப்பினேன். கருப்பு என் காரில் வருவான் என்று சொன்னேன். வேன் போனதும் அவனைக் கூப்பிட்டேன்.

“ஒரே ஒரு க்ளோசப் மாப்ள. அந்த மூச்சுத் திணறுற ஷாட்டு.”

“சிரிச்சு முடிச்சாச்சேண்ணே. பூசணிக்கா வேற ஒடச்சாச்சு.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டு.

“நாளைக்கு நீயும் டைரக்டரு. ஒரு ஷாட்டு கொறஞ்சா மனசு கெடந்து அடிச்சுக்கிரும்னு ஒனக்குத் தெரியாதா?”

சரிண்ணே என்றான். துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தான். நான் பார்த்தேன், சுத்தமாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. வரப்போரத்தில் கிடந்த நிஜக் கல்லை எடுத்தேன். இடுப்பில் கயிற்றை நானே கட்டினேன். இழுத்தால் அவிழ்கிற முடிச்சுதான் எப்போதும் போடுவோம். இதையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினான். கையைத் தூக்கினால் நான் கட் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. கல் தண்ணீருக்குள் இருந்த படியில் போய் உட்கார்ந்தது. எம்பினால் மட்டும் முகம் தண்ணீருக்கு மேலே வந்தது. அளவு சரியாக இருந்தது.

ரொம்ப நன்றாக நடித்தான். இல்லை, அந்தச் சொல் தப்பு. அவன் நடிக்காமல் இருந்த ஒரே ஷாட் அதுதான், அதுவும் என் இயக்கத்தில்.

எல்லாம் அடங்கிய பிறகு இறங்கிக் கயிற்றை அறுத்தேன். உடை மாற்றிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். குளித்துவிட்டு பஸ்ஸில் வருவதாகக் கருப்பு சொன்னான் என்றேன். ஜெனரேட்டர் பார்க்கும் காளை, “அவனுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வச்சிருவோம்ணே” என்றான். நான்தான் வாங்கினேன். சாயங்காலம் மாடு பிடிக்க வந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

படம் வந்தது. இந்த முறை என் பெயரை எழுதினார்கள். அந்த க்ளோசப்பில் நெற்றியிலிருந்து வழிகிற ரத்தத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதினார்கள். அது ரத்தம் இல்லை என்று கண்டுபிடித்தது நீங்கள் மட்டும்தான். “முந்தின ஷாட்ல காயம் இல்ல, பிந்தின ஷாட்லயும் காயம் இல்ல. நடுவுல மட்டும் யாரு சார் அடிச்சா?” என்று கேட்டீர்கள். சிரிப்புக்குப் பிறகு முத்துத்தாய் வைத்த குங்குமம், துடைத்தும் போகாமல் மயிரோரத்தில் ஒட்டியிருந்து தண்ணீரில் கரைந்திருக்கிறது. எல்லோரும் கிளம்பிய பிறகு எடுத்த ஷாட் என்று அதுவே சொல்லிவிட்டது.

எடிட்டிங்கிலேயே எனக்கு அது தெரியும். சட்டைப் பொத்தான் மாறியிருந்தால்கூடப் பிடிக்கிறவன் நான், என்னைக் கன்டினியூட்டியில் குறை சொல்ல ஆளில்லை. அந்தச் சிவப்பை அழித்தும் பார்த்தேன். ஷாட் செத்துப்போனது. திரும்ப வைத்துவிட்டேன். என் இடத்தில் எந்த இயக்குநர் இருந்தாலும் வைத்திருப்பான்.

ஆமாம், நான்தான் கொன்றேன். நான் போட்டது அவிழாத முடிச்சு. அவன் கையைத் தூக்கினான், நான் கட் சொல்லவில்லை. ஆனால் அவனை உலகத்துக்குக் காட்டியவனும் நான்தான். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

சோணையம்மாள் அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்மகன் கடைசியா எதுவும் சொன்னானாய்யா?” என்று கேட்டாள். நான் பக்கத்தில் இல்லையே ஆத்தா என்றேன். இப்போது நீங்கள் அவளிடம் சொல்லலாம். மூச்சு எட்டிய போதெல்லாம் “அண்ணே, அண்ணே” என்று என்னைத்தான் கூப்பிட்டான். படத்தில் உங்களுக்கு அது கேட்டிருக்காது. கதையில் அந்தக் கூலிக்காரனுக்கு அண்ணன் கிடையாது, அதனால் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன்.