மோட்டாருக்கு நல்ல தண்ணி

— மோட்டாருக்குத்தான் கேக்கறேன், சாமி. பீப்பாய் ரொம்பற மட்டும் ஊத்துங்க.

— தெனமுந்தான் கேக்கறே, மாதம்மா. பங்களாவுக்குத் தண்ணி சேந்தத்தான் எனக்குச் சம்பளம். உன் பீப்பாய்க்கும் சேந்திச் சேந்தித் தோள்பட்டையே எறங்கிப்போச்சு. நேத்து நான் கொள்ளேகாலுக்குப் போனப்பகூட, பாவம், தோட்டக்காரன் பசவராஜ் ஊத்தியிருக்கான். எனக்குன்னு வேற ஒரு வாளி சேந்திக் கெணத்து மேட்டுல வெச்சிருந்தான். இன்னிக்குக் காலையில பஸ்ஸுல வந்த களைப்புக்கு ரெண்டு சொம்பு மடமடன்னு குடிச்சேன். நல்ல மனுசன்.

— பீப்பாய் காலியாத்தான் கெடக்குதுங்க.

— இரு. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிப்போட்டு அப்புறம் பீப்பாயைப் பாரு. மோட்டார் சத்தம் எங்கே?

— என்ன சத்தமுங்க?

— தொரையோட படகு மோட்டார் ஓடுனா ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயில் மணியே காதுல விழாது. அப்படிக் கத்தும். நான் சிவனேன்னு இந்தத் தோட்டத்துலயேதான் கெடக்கறேன். ஆத்துல ஓடற சத்தமும் இல்லை, பீப்பாய்ல முக்கி ஓட்டற சத்தமும் இல்லை. தண்ணி மட்டும் எப்படிக் காலியாகுது?

— ஆறு செவசெவன்னு போகுதுங்க. அதுல ஓடுன மோட்டாரைப் படகுல இருந்து கழட்டி, நல்ல தண்ணியில முக்கி, ஓட்டிக் கழுவோணும்னு தொரையே சொல்லியிருக்காரு. இல்லாட்டி உள்ளெல்லாம் அரிச்சுப்போகுமாமா.

— அது அவரு மங்களூருக் கடல்ல ஓட்டுன பழக்கம். உப்புத் தண்ணி இரும்பை அரிக்கும், ஒத்துக்கறேன். காவேரியில உப்பு ஏது? அந்தக் கிறுக்கை இங்க வந்தும் விடலை அவரு. போகட்டும், தொரை சொன்னா ஊத்தறேன். ஓடாத மோட்டாருக்கு என்ன கழுவல்?

— ஓடுனா என்ன, ஓடலைன்னா என்ன? உத்தரவு உத்தரவுதானுங்களே.

— வாய் நீளுது. படகோட்டறவன் உன் வீட்டுக்காரன். ஜடையனை வரச்சொல்லு, அவன் வாயால கேக்கறேன்.

— வரமாட்டாருங்க.

— ஏன், தொரை ஊட்டிக்குப் போனதும் அவன் தொரையாயிட்டானா?

— வாந்திபேதிங்க. முந்தாநாள்லயிருந்து எந்திரிக்கலை.

— ஜடையனுக்கா? ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

— சொன்னா இந்தத் தோட்டத்துக்குள்ள விடுவீங்களா? பக்கத்து வீட்டு மாரக்காள் மக போய்ச் சேந்துட்டா. எங்க தெருவுல ஆள் கெடக்காத வீடு இல்லை. மைசூரு ஆஸ்பத்திரியிலிருந்து ஜேன்கற ஒரு நர்ஸம்மா வந்து பாத்துச்சு. நீங்க குடிக்கற வாய்க்கால் தண்ணிதான் வெசம், இனிமே கெணத்துத் தண்ணி குடிங்கன்னுச்சு. எங்களை எந்தக் கெணத்துல விடுவாங்க, அதையும் நீயே சொல்லிட்டுப் போ தாயீன்னு கேட்டேன். அது மூட்டையைக் கட்டிட்டுக் கெளம்பிருச்சு.

— அதுக்காக?

— அதுக்காகத்தான். மோட்டாருன்னு சொல்லி வாங்குன தண்ணியெல்லாம் எங்க தெருவுக்குத்தான் போச்சு. கொடங்கொடமா மொண்டுட்டுப் போனேன். யார்கிட்டச் சொல்லோணுமோ போய்ச் சொல்லிக்கங்க.

— மெல்லப் பேசு. பசவராஜ் அங்க பாத்தி கட்டிட்டிருக்கான்.

— கேக்கட்டும். நாங்கேக்கறேன், இரும்புக்குத் தவிக்குமா? அந்த மோட்டார் எங்க வீட்டுக்காரரு தோள்ல ஏறித்தான் படகுக்குப் போகுது, அவரு கையாலதான் பீப்பாய்ல எறங்குது. அதுக்கு இந்தக் கெணத்துத் தண்ணி ஆகும். அவரு நாக்குல ஒரு சொட்டு விழுந்தா மட்டும் ஆகாதா?

— நானா வெச்சேன் அந்த வழக்கத்தை? ஊரு வெச்சது. இந்தக் கயித்துல உங்க கை பட்டா, கெணத்தை மொத்தமா எறைச்சு, பூசை போட்டு, அப்புறந்தான் ஒருத்தன் வாய் வைப்பான். என் வேலையும் போயிடும்.

— உங்களுக்கு வேலை போகும். எனக்கு அவரே போயிடுவாரு.

— அட இவளே, கேளு. உன்னைக் காட்டிக்குடுக்கவா கூப்பிட்டேன்? பசவராஜ் கொஞ்ச நாளா இந்தப் பீப்பாய்த் தண்ணியைப் பத்தி ஒருமாதிரியாப் பேசறான்னு கேள்வி. அவன் காதுல விழட்டும்னுதான் அத்தனை அதட்டு அதட்டுனேன். ஷெட்டுல தார்ப்பாய்க்குக் கீழ என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?

— என்ன இருக்குதாமா?

— வெறகுக் கட்டை. மோட்டார் ரிப்பேருக்குப் பெங்களூரு போயாச்சு. டேசன்ல அந்தப் பெட்டியை ஒத்தையாத் தூக்க முடியாம ஜடையன் நிக்கங்காட்டி, யாரும் பாக்காதப்ப இந்தப் பக்கம் பிடிச்சு ரயில்ல ஏத்துனதே நாந்தான். அவன் உங்கிட்டச் சொல்லலையா?

— அப்ப, தெரிஞ்சேவா இத்தனை நாளும் ஊத்துனீங்க?

— தெரிஞ்சேதான். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. ஊரு வாயை அடைக்க மோட்டாருன்னு ஒரு பேரு இருக்குது, அதை வெச்சு நடக்கற மட்டும் நடக்கட்டும். நீயும் தலையைக் குனிஞ்சு, மோட்டாருக்குங்க சாமின்னு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டே இரு. என்ன, மூஞ்சி இப்படிச் செவக்குது? கோவமா?

— கோவந்தானுங்கண்ணா.

— அண்ணனா? அது எப்பத்திலிருந்து?

— இப்பத்திலிருந்து. உங்க மனசு நல்ல மனசு, இல்லைங்கலை. ஆனா சாகக் கெடக்கற மனுசனுக்குத் தண்ணி கேக்க, இரும்போட பேரை நான் எதுக்கு இரவல் வாங்கோணும்? மோட்டாருக்குன்னு நீங்க ஊத்துனது போதும். ஜடையனுக்குன்னு சொல்லி ஊத்துங்க. பசவராஜ் காதுல விழறாப்பலச் சொல்லி ஊத்துங்க.

— அது என்னால ஆகாது, மாதம்மா.

— ஆகாதுன்னா கயித்தை வெச்சுட்டுத் தள்ளிக்கங்க. நானே சேந்திக்கறேன்.

— கிட்ட வராதே. நீ தொட்டுட்டா அப்புறம் இந்தத் தண்ணியை எவன் குடிப்பான்?

— நீங்க குடிச்சீங்களே அண்ணா. நேத்துப் பசவராஜும் மைசூருச் சந்தைக்குப் போயிட்டான். பீப்பாயை ரொப்புனதும் நாந்தான், காலையில நீங்க ரெண்டு சொம்பு மடமடன்னு குடிச்ச அந்த வாளியைச் சேந்தி வெச்சதும் நாந்தான்.