கண்டல் நடாத இடம்

ஓம், நான்தான் புடுங்கின. காவலுக்கு நிக்கிற அந்த வாச்சரப் போட்டு வெருட்டாதீங்க மிஸ். அவன் பாவம், மாடு திண்ட எண்டு எனக்காகப் பொய் சொன்ன. மாடு கண்டல் கண்டுகள வேரோட புடுங்கி வரிசையா அடுக்கி வைக்குமோ? நீங்க கம்பசில படிப்பிக்கிற ஆள்தானே.

படத்தச் சுருட்டி வைங்க. பாத்தாச்சி. காத்துக்கு மறைப்பா மரம், மழைத்தண்ணி தேங்கக் குளம், புள்ளையள் படிக்க மரக்கறிப் பாத்தி. பண்ணைய வடிவாத்தான் கீறியிருக்கீங்க. வாவிக்கரை முழுக்க ஒரு பச்சைக் கோடு இழுத்திருக்கீங்களே, அதப் பாத்தாத்தான் எனக்கு விசர் வருது.

என்ன? கண்டல் நிண்டாக் கரை அரிக்காது, இறால் குஞ்சு தங்கும். ஓம், சரிதான். நான் இல்ல எண்டு சொன்னனோ? நீங்க சொல்லுறதில ஒரு பிழையுமில்ல. அதுக்காக நான் கையக் கட்டிக்கொண்டு நிக்கோணுமோ?

அந்தப் பெரிய கிண்ணை மரம் நிக்குதே, அதுக்கு நேர ஒரு தோணி ஏறுற அளவு இடம். அதில மட்டும் நடாதீங்க. நட்டாத் திரும்பவும் புடுங்குவன். பொலிசுக்குச் சொல்லுறதெண்டாச் சொல்லுங்க. ஆமியையும் இயக்கத்தையும் பாத்திட்டு இருக்கிற ஆள் நான், பண்ணை போடுற உங்கட பெரிய துரைக்குப் பயப்பிட மாட்டன்.

அங்கால சீமெந்துத் துறை கட்டித் தந்தீங்களோ? தந்தீங்க. அத ஆர் கேட்ட?

ஓம், என்ட தோணி பொத்தல்தான். கவிழ்த்துப் போட்டிருக்கன், கோழி போய் முட்டை இடுது. நல்லாத்தான் பாத்து வெச்சிருக்கீங்க. இடம் என்ட தோணிக்கெண்டு ஆர் சொன்ன?

இல்ல, இருக்க மாட்டன். நிண்டே சொல்லுறன்.

கடல் வந்ததில வீடும் போச்சி, பொஞ்சாதியும் போச்சி. மகன் உதயரூபனும் நானும் மிஞ்சி, இந்தக் கரைக்கு வந்து கொட்டில் போட்ட. மறுகா அவன இயக்கம் கொண்டு போச்சி. வன்னிக்குப் போறதுக்கு முதல் ஒருக்கா வந்து என்ட கையால சோறு திண்டவன். அந்த நேரம் எங்கட ரோட்டு வாசல்லயே ஆமி சென்ரி. நான்தான் சொன்ன, திரும்பி வரக்குள்ள ரோட்டால வராத மகன், தோணியால வா, கிண்ணை மரத்தக் குறி வெச்சி நேர ஏறு எண்டு. ஓம் வாப்பா எண்டான், சோனகப் புள்ளையள் தகப்பனக் கூப்பிடுற மாதிரி. அப்பிடிப் பகிடி பண்ணிப் பேசிப்போட்டுத்தான் போனவன்.

ஆக்கள் அவனுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்யச் சொல்லுறாங்க. உடம்பக் காட்டட்டும், செய்யிறன்.

மத்தக் கரையெல்லாம் நடுங்க. ஆள் காணாட்டி நானும் வந்து நடுறன், தண்ணியும் ஊத்துறன்.

சண்டை முடிஞ்சிது எண்டு எனக்கும் தெரியும் மிஸ். சென்ரிய எடுத்ததும் தெரியும். அத அவனுக்கு ஆர் சொன்ன?