அமீருதீன் சாகிபு விட்டுச் சென்ற வழக்கு

அவைத் தலைவர் அவர்களே! மேடையிலிருக்கும் ஜமாஅத்துப் பெரியவர்களே! ராயபுரத்திலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கடையடைத்துவிட்டு வந்திருக்கும் ரேடியோ வியாபாரிகளே, மெக்கானிக்குத் தோழர்களே, தாய்மார்களே!

நம் சங்கத்தின் தலைவர் ஜனாப் அமீருதீன் சாகிபு அவர்கள் போன வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடித்து வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் போய்விட்டார். வழக்கு போகவில்லை! அவர் வரவழைத்த ரேடியோப் பெட்டிகள் துறைமுகக் கிடங்கில் உப்புக்காற்றில் கிடக்கின்றன. மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. அழுதுவிட்டுக் கலைந்து போகலாம் என்று வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். சங்கத்தின் காரியதரிசியாகிய எனக்கு அழுகையைவிடக் கவலைதான் அதிகமாக இருக்கிறது.

என்ன வழக்கு? நம் தொழில் தெரியாதவர்களும் இங்கே இருப்பதால் சொல்கிறேன். சிற்றலையில் தொலைதூர நிலையத்தைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் அது நழுவிப் போகும். நழுவாமல் நிற்க, இரண்டு கம்பிச் சுருள்களை எதிரெதிராகச் சுற்றி மெழுகில் முக்கி வைப்பது ஒரு முறை. சாகிபு ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்த பெட்டிகளில் அந்த முறை இருக்கிறது. சீமைக் கம்பெனி ஒன்று கிளம்பி வந்தது. “அது எங்கள் கண்டுபிடிப்பு. யுத்தம் முடிந்ததுமே இந்தியாவில் பேட்டண்ட் வாங்கிவிட்டோம். எங்களைக் கேட்காமல் இங்கே யாரும் விற்கவும் கூடாது, சுற்றவும் கூடாது” என்று வழக்குப் போட்டது. கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகள் இறங்கிய இடத்திலேயே முடங்கின.

சுற்றவும் கூடாதாம்! யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? யுத்த காலத்தில் உதிரிப் பாகம் ஒன்றும் வராதபோது, ரங்கூனில் குண்டு விழுந்ததே, போன பிள்ளை பிழைத்தானா என்று இந்த வட்டாரமே ரேடியோவைச் சுற்றி நின்றபோது, இதே சுருளை இதே ராயபுரத்தில் தம் கையால் சுற்றிப் போட்டவர் அமீருதீன் சாகிபு அல்லவா? அவரிடம் பார்த்துத்தானே நாம் எல்லோரும் சுற்றினோம்?

பேட்டண்ட் வாங்குவதற்கு முன்பே இங்கே பகிரங்கமாகப் புழங்கிய முறை என்று காட்டிவிட்டால் அந்தப் பேட்டண்ட் செல்லாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. காட்டுவதற்கு அந்தக் காலத்துச் சுருள் மாறாத பெட்டி வேண்டுமே! காலடிப்பேட்டையில் டீக்கடை வைத்திருக்கும் சுப்பராயன் கொடுத்தார். யுத்த காலத்தில் சாகிபு சுருள் போட்டுக் கொடுத்த ரேடியோ. அந்தக் காலத்திலேயே பத்திரிகையில் படம் வந்த ரேடியோ. அது ஒன்று போதும், ஜெயித்துவிட்டோம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. சாகிபு சொல்லவே இல்லை. இன்று காலை சாகிபு கடைத் தலைமை மெக்கானிக் ஜேக்கப்பே என்னிடம், “சொல்லுங்க, எல்லாருக்கும் தெரியட்டும்” என்று கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன்.

சாகிபு கடையின் சட்டம் என்ன? எந்தப் பெட்டி உள்ளே வந்தாலும் திறந்து, தூசு தட்டி, நைந்த சுருளை எடுத்துவிட்டுப் புதுச் சுருள் போட்டு, பாலிஷ் அடித்த பிறகுதான் வாசலைத் தாண்டும். கோர்ட்டுக்கு முந்தின நாள் சுப்பராயனின் பெட்டி கடைக்கு வந்தது. சாகிபு வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். ஜேக்கப் பார்த்தார். பெட்டி முழுக்கப் புகை, பிசுக்கு, கரப்பான் முட்டை. நாளைக்கு நீதிபதி முன்னால் போகிற பெட்டி, சாகிபு கடைப் பெட்டி, இந்தக் கோலத்திலா போவது? திறந்தார். துடைத்தார். பழைய சுருளை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார்!

எந்தச் சுருளைக் காட்ட வேண்டுமோ அது குப்பையோடு காயலான் கடைக்குப் போய்விட்டது. ஜேக்கப் அந்தக் காயலான் கடைக் குவியலை வெறுங்கையால் கிளறிக் கிளறித் தேடினார். கிடைக்கவில்லை.

வக்கீல் சொன்னார்: “புதுசும் பழையதைப் போலத்தான் இருக்கிறது. கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதீர்கள்.” எதிர்த்தரப்பு கேட்கவே இல்லை! நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாகிபு சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கக் காலை எடுத்தார். எடுத்த காலை வைக்காமல் திரும்பினார். “ஐயா, அந்தச் சுருள் நேற்றுப் போட்டது” என்றார். வழக்கு அங்கேயே தோற்றது.

நான் கோபக்காரன். கோர்ட்டுப் படியிலேயே கத்தினேன்: “இன்னா பாய், வாயத் தொறக்காம கீய எறங்கியிருந்தா அல்லாரு பொயப்பும் தப்பிச்சிருக்குமே!”

“நாம திருடல, அவன் சொல்றது பொய்யின்னுதானே கோர்ட்டுக்கு வந்தோம்? அங்க போயி நானும் ஒரு பொய்ய வச்சா அவனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம் கீது?” என்றார். பக்கத்தில் ஜேக்கப் அழுதுகொண்டு நின்றார். அவர் தோளில் கையைப் போட்டு, “நா சொன்னதத்தானே நீ செஞ்சே. அதுக்குப் போயி இன்னாத்துக்கு அழுவுறே? வா, டீ குடிக்கலாம்” என்று கூட்டிக்கொண்டு போனார்.

அவரைப் போல் ஒருவர் இனிக் கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். ஆனாலும் சொல்கிறேன், அன்றைய கோபம் இன்னும் எனக்கு முழுதாக ஆறவில்லை. கிடங்கைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இப்போது கம்பெனி ஏஜெண்டு ஒரு காகிதத்தோடு கடை கடையாக வருகிறார். கையெழுத்துப் போட்டால் நம் மேல் வழக்கு இல்லையாம். அந்தச் சுருள் அவர்களுடையது என்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம்! சிலர் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். மாலையோடு முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்! பிள்ளைகுட்டிக்காரர்கள், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் நாமே நம் கையால் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால், மேல்முறையீட்டில் நமக்காகப் பேச என்ன மிச்சம் இருக்கும்?

சாகிபின் துணைவியார் அஜீசுன்னிசா பேகம் அவர்கள், கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் இருப்பதால் வெளியே வர முடியவில்லை. தம் தம்பி ஹுமாயூனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்: “வழக்குல அவரு பேரு இருந்த எடத்துல எம் பேரப் போடுங்க.” கேட்டீர்களா, கடைக்காரர்களே?

இன்னும் ஒன்று. வியாசர்பாடியில் பட்டம்மாள் என்று ஒரு தாய். யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்த மகனைப் பற்றிச் செய்தி கேட்க, சாகிபு அவருக்கு ரேடியோவைப் பழுது பார்த்துச் சுருள் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. செய்தி வரவே இல்லை. அந்த அம்மாள் பெட்டியைத் துணியால் மூடிப் பரண்மேல் வைத்துவிட்டார். தோற்ற பிறகு சாகிபு போய்க் கேட்டார். “யாரும் அத்தத் தொடக்கூடாது நைனா” என்றார். சாகிபு வற்புறுத்தாமல் திரும்பிவிட்டார்.

இன்று காலை அந்தத் தாய் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். மடியில் பெட்டி. “பாய் பூட்டாராமே. எடுத்துகினு போங்க. ஆனா ஜட்ஜு தொறக்கட்டும், நீங்க தொறக்காதீங்க” என்றார். அதோ, தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். தாயே, உங்களைக் கும்பிடுகிறேன்!

அந்தப் பெட்டிக்குள் சுருள் இருக்கிறதா? எலி கடித்துவிட்டதா? தெரியாது. புதிய சாட்சியத்தை நீதிபதிகள் ஏற்பார்களா? வக்கீலுக்கே தெரியாது. ஜெயிப்போம் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. ஜனாப் அமீருதீன் சாகிபு அவர்களே! உங்கள் வழக்கை நடத்துவோம், உண்மையைச் சொல்லியே நடத்துவோம் என்ற ஒரு வாக்கை மட்டும் உங்கள் படத்துக்கு முன்னால் கொடுக்கிறோம்.

ஜேக்கப், எழுந்து வா. அந்த அம்மாவின் மடியிலிருந்து பெட்டியை நீதான் வாங்க வேண்டும். கோர்ட்டுக்கும் நீதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொள். பெட்டியைத் துடைக்காதே.