தொப்பை நடத்தும் பாடம்

பத்து பாகாட் நகரப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னாலிருந்த இருக்கையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருவர்.

"வகுப்புல என் தொப்பதான், டீச்சர், பாடம் நடத்துது," என்றார் அவர்களில் என் வயதுக்காரர்.

பக்கத்திலிருந்த ஆசிரியை திரும்பினார். "என்ன சார் சொல்றீங்க?"

"புது ஸ்மார்ட் போர்டுல எது பட்டாலும் பக்கம் மாறுதுல்ல? மேல எழுத எட்டுனா, விரலுக்கு முன்னாடி தொப்ப பட்டுருது. கூட்டல் நடத்திக்கிட்டே இருப்பேன், திடீர்னு பெருக்கல் வந்து நிக்கும்."

"அலமாக்! பிள்ளைங்க சிரிக்கலையா?"

"இப்ப பழகிட்டாங்க லா. நான் கைய தூக்குனாலே, 'சார், மூச்ச இழுங்க'ன்னு வகுப்பே கத்துது. நாளைக்கு அதிகாரி வந்து பின்னாடி உக்காந்து பாக்கப் போறாரு. அவர் முன்னாடி கத்துனா என் மானம் போச்சு."

"பிள்ளைங்களையே எழுத விடுங்க சார். போர்டு அதுக்குத்தானே இருக்கு? நீங்க ஓரமா நில்லுங்க."

"ஓரத்துலதான் டீச்சர், எல்லாத்தையும் அழிக்கிற பட்டன் இருக்கு."

அடுத்ததைக் கேட்கும் ஆசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். மணி அடித்தது. ஓட்டுநர் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் இரண்டு கைகளும் மேல் கம்பியில்தான் இருந்தன. இருக்கைக் கம்பியிலிருந்த, வண்டியை நிறுத்த மணியடிக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தியது என் தொப்பை.

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அங்கேயே இறங்கிவிட்டேன். வீடு இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி.