கொழும்புக்குப் போகாத கார்

வீரகத்தி: திறப்பைத் திருப்பு பிள்ளை... இன்னும்... காணும், விடு விடு! பற்றரி செத்துப்போகும்.

செபமாலை: சுத்துது, பிடிக்குதில்லை. திங்களும் இப்பிடித்தான், புதனும் இப்பிடித்தான்.

வீரகத்தி: இண்டைக்கு வெள்ளி. ஒரே கிழமையில மூண்டு தரம் கொழும்புக்கு வெளிக்கிட்டு, மூண்டு தரமும் கேற்றைத் தாண்டாத கார் நெளுக்குளத்தில இது ஒண்டுதான் அண்ணை.

நிறஞ்சனா: அம்மா அந்தோனியார் கோயிலுக்குப் போட்டா, வீரகத்தி மாமா. கார் ஸ்ராட் வரவேணுமெண்டு மெழுகுதிரி கொளுத்த.

வீரகத்தி: அப்ப அந்தோனியாருக்கும் எனக்கும் போட்டி.

செபமாலை: பகிடியை விடும். கொழும்புக்குப் போக ஆமி தந்த பாஸ் இண்டைக்கு ஆறு மணியோட முடியுது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பிளேன். அங்க பாரிசில மாப்பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறார்.

வீரகத்தி: அவ்வளவு அவசரமெண்டா ரெயினில கூட்டிக்கொண்டு போங்கோவன்?

செபமாலை: ரெயினிலயோ... இவ்வளவு பெட்டியோடயோ... சோதனையில எல்லாத்தையும் கிளறிப்போடுவாங்கள். கார்தான் சரி.

வீரகத்தி: ஓடாத கார்தான் சரி எண்டுறியள். ம்... பெற்றோல் பம்ப் சத்தம் கேக்குது. பொறிதான் இல்லை. இனிக் காரிட்டயே கேப்பம். இந்தச் சின்னப் பெட்டியில இரண்டு ஓட்டையைக் கம்பியால தொடுத்துவிட்டா, உனக்கு முன்னால டாஷ்போட்டில இருக்கிற லைற் மினுக்கி மினுக்கிக் காருக்கு என்ன வருத்தமெண்டு சொல்லும். எண்ணு பிள்ளை.

நிறஞ்சனா: ஒண்டு... பிறகு இரண்டு. திரும்பவும் ஒண்டு... இரண்டு.

வீரகத்தி: ஒண்டும் இரண்டும்... பன்னிரண்டாம் நம்பர் வருத்தம். கேம்சாப்ட் சென்சர்.

செபமாலை: அதென்ன கோதாரி? கொக்கிளாயில என்ர வள்ளத்து எஞ்சின், கயித்தை ஒருக்கா இழுத்தா ஓடும்.

வீரகத்தி: அதுக்கு மூளை இல்லை அண்ணை. இதுக்குக் கொம்பியூட்டர் இருக்கு. எந்தச் சிலிண்டர் எங்க நிக்குது, எப்ப பொறி குடுக்கிறது எண்டு அதுக்குத் தெரியவேணும். அதைச் சொல்லுறது இந்தச் சென்சர். அது வாயை மூடினா இதுவும் பொறி குடுக்காது.

நிறஞ்சனா: பாஸைக் காட்டாட்டி விடாத ஈரப்பெரியகுளத்து ஆமிச் சென்றி மாதிரி.

வீரகத்தி: அதேதான். எங்க நிக்கிறாய் எண்டு காட்டு, இல்லாட்டி அங்கயே நில்.

செபமாலை: அப்ப சென்சர் பழுது. இஞ்ச எடுக்கேலாது என்ன? கொழும்பிலயிருந்துதான் வரவேணும்... இரண்டு கிழமை செல்லும்...

வீரகத்தி: ஏன் அண்ணை சந்தோசப்படுறியள்?

செபமாலை: ஆர் சந்தோசப்படுறது!

வீரகத்தி: மீற்றர் வைச்சுப் பாத்திட்டன். சென்சர் நல்ல சுகம்.

செபமாலை: ...நல்லது.

வீரகத்தி: ஆனா வயரைக் கொழுவுற சொக்கற்றின்ர கிளிப் முறிஞ்சிருக்கு. ஆரோ இழுத்துக் கழட்டி, பிறகு கொழுவியிருக்கினம். ஒருக்கா இல்லை.

செபமாலை: எலியாயிருக்கும்.

வீரகத்தி: எலி கழட்டும். திருப்பிக் கொழுவுமோ?

செபமாலை: பிள்ளை, நீ போய் மாமாவுக்குத் தேத்தண்ணி ஊத்து.

நிறஞ்சனா: மாமா இப்பதானே குடிச்சவர், அப்பா.

செபமாலை: சொன்னாக் கேளன்...

நிறஞ்சனா: அப்பா, கழட்டினது நீங்களோ?

செபமாலை: திங்களும் புதனும் நான்தான். வேற என்ன செய்ய? சண்டைக்குள்ள குமரை வச்சிருக்காதை, அனுப்பு எண்டு ஊரெல்லாம் சொல்லுது. கொம்மாவும் அதைத்தான் சொல்லுறா. நீயும் சிரிச்சுச் சிரிச்சுப் பெட்டி அடுக்கிறாய். போகாதை எண்டு எந்த வாயால சொல்லுறது? படத்தில மட்டும் கண்ட ஒருத்தன்... பிறகு உன்னை நான் எந்தக் காலத்தில பாக்கிறது... ஆனா வீரகத்தி, இண்டைக்கு நான் தொடேல்லை. நேற்று முழுக்க யோசிச்சன். பிள்ளையின்ர வழியில நிக்கக்கூடாது எண்டு, நானே அதை இறுக்கி அமத்தினனான்.

வீரகத்தி: நம்புறன். இண்டைக்கு வருத்தம் வேற. சொக்கற்றுக்குக் கீழ பாருங்கோ. ரேப்பை உரிச்சு, வயரை வெட்டி, திரும்ப வடிவாச் சுத்தியிருக்கு.

செபமாலை: வெட்டியோ! ஆர்?

நிறஞ்சனா: நான் அப்பா.

செபமாலை: நீயோ?

நிறஞ்சனா: அம்மாவின்ர கத்திரிக்கோலால.

செபமாலை: உனக்குப் போக விருப்பமெல்லோ...

நிறஞ்சனா: ஆர் சொன்னது? சந்தி முழுக்க 'என்ர மகள் பாரிசுக்குப் போறாள்' எண்டு சொல்லித் திரிஞ்சது நீங்கள். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரேல்லை. திங்களும் புதனும் கார் நிண்டவுடன, மாதாதான் மறிக்கிறா எண்டு இருந்தன்.

செபமாலை: மாதா இல்லையடி, நான்!

நிறஞ்சனா: நேற்று நீங்கள் பொனற்றைத் திறந்து துடைச்சுத் துடைச்சு வைச்சதைக் கண்டு பயந்திட்டன். இந்தமுறை கார் ஓடப்போகுது எண்டு.

செபமாலை: அழாதை... அழாதையன். வீரகத்தி, அந்த வயரை ஒட்டாதையும். ஆறு மணியாகட்டும், பாஸ் முடியட்டும்.

நிறஞ்சனா: அம்மாவுக்கு?

செபமாலை: நான் சொல்லுறன். மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே சொல்லுறன். பேசட்டும், வாங்குறன். நீ போய்ச் சாறியளை வெளியில எடு... பொறு பொறு. இத்தனை வயருக்குள்ள இந்த ஒண்டை உனக்கு எப்பிடித் தெரியும்?

நிறஞ்சனா: அது...

வீரகத்தி: பிள்ளையை முறைக்காதையுங்கோ. எந்த வயரை வெட்டினா கார் ஓடாதெண்டு நேற்று என்ர கராச்சுக்கு வந்து கேட்டது. காட்டினது நான்.

செபமாலை: நீரோ! பிறகேன் ஐயா மினுக்கிப் பாத்து, மீற்றர் வைச்சு, ஒரு மணித்தியாலமா...

வீரகத்தி: நீங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கும்வரை நானும் ஏதாவது செய்யவேணுமே.

செபமாலை: உமக்கு ஏன் இந்த வேலை?

வீரகத்தி: என்ர மூத்தவளைத் தொண்ணூற்றாறில கனடாவுக்கு அனுப்பினனான் அண்ணை. அவளும் சிரிச்சுக்கொண்டுதான் ஏறினவள், நானும் சிரிச்சுக்கொண்டுதான் ஏத்தினனான்... நாலு பேர் தள்ளாமல் ஒருநாளும் ஓடாத என்ர பழைய வான், அண்டைக்கு மட்டும் ஒரே திருப்பில ஸ்ராட் வந்தது.