மூன்று கறுப்பு முத்திரைகள்

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. காப்பியில்கூடச் சர்க்கரை போட மாட்டேன். நீங்கள் கேட்காமலே வெறுங்காப்பி கொடுத்தீர்கள், நன்றி. என் வாக்குமூலத்துக்காக மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகக் காவலர் சொன்னார். அவர் வேண்டாம். உங்கள் ஸ்பானிஷ் எனக்கு நன்றாக வரும். யாஷ்டே ஊர் மருத்துவ நிலையத்தில் ஆறு வருடமாக அந்த வேலையைத்தான் செய்தேன்.

எங்கள் மலையில் பெண்களுக்குச் சோட்சில் மொழி மட்டும்தான் தெரியும். டாக்டர்கள் நகரத்திலிருந்து ஒரு வருடச் சேவைக்கு வருவார்கள். ‘வலிக்கிறதா’ என்ற ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். அலுப்பான வேலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே தவிர, என்னை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கம்பெனியிலிருந்து ரெனே வந்தபோது அவர் என்னைத்தான் பார்த்தார். ‘நீங்கதான் எங்களுக்கு வேணும், பாஸ்குவாலா’ என்றார். சத்துப்பொடி விற்கும் கம்பெனி. எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டும், ‘ஊட்டச்சத்து ஆலோசகர்’ என்று பெயருக்குக் கீழே தைத்த பட்டையும் கொடுத்தார்கள். சின்ன வயதில் நகரத்துக்குப் போனால் மலை ஜனங்கள் என்று நடைபாதையிலிருந்து எங்களை இறங்கச் சொல்வார்கள். அந்தக் கோட்டோடு போன முதல் நாள், வேனில் ஒரு நகரத்து அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

பொடியில் இரும்பு இருந்தது, கால்சியம் இருந்தது, பன்னிரண்டு விட்டமின் இருந்தது. அதில் பொய் இல்லை. பாதிக்கு மேல் சர்க்கரையும் இருந்தது. அதைச் ‘சக்தி’ என்று சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் எழுதிப் போட்டார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது. அதிகச் சர்க்கரை, அதிகக் கொழுப்பு, அதிகக் கலோரி என்று ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கையாக ஒரு கறுப்பு எண்கோணம், அதற்குள் சுகாதார அமைச்சகத்தின் பெயர். எங்கள் பொட்டலத்தில் மூன்று. ரெனே மிகவும் பயந்துபோயிருந்தார். எங்கள் பெண்களை அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் முத்திரை இல்லாத தாள் தாளே இல்லை. ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு முத்திரை வாங்க நகராட்சி வராந்தாவில் இரண்டு நாள் தரையில் படுத்துக்கிடப்பார்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்த முதல் பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“சுகாதார ஆபீஸ் முத்திரையா இது? மூணு போட்டிருக்காங்களே?”

“ஆமா, சுகாதார அமைச்சகம் போட்டதுதான்” என்றேன்.

இதிலும் பொய் இல்லை, கவனியுங்கள். அடுத்த மாதம் பழைய சரக்கிலிருந்து முத்திரை இல்லாத சில பொட்டலங்கள் வந்தன. ஒருத்தியும் தொடவில்லை. ‘இது போலி, எடுத்துட்டுப் போங்க’ என்றார்கள். சொந்த வயலில் விளைந்த பீன்சுக்கு முத்திரை இல்லையே என்று ஒரு தாய் வருத்தப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

லோஷாவைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும். நாங்கள் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். அவள் மகள் எர்லிண்டாவுக்கு நான் ஞானத்தாய். ஞானஸ்நானம் முடிந்த நாளிலிருந்து வாடி போடி எல்லாம் நின்றுவிடும். உடன்தாய் என்று பொருள்படும் ‘கொமாத்ரே’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் பேச வேண்டும். ரத்த உறவைவிட அது கெட்டியானது. லோஷாவுக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. அந்த நோயின் பெயரை அவளுக்கு முதலில் மொழிபெயர்த்துச் சொன்னவளும் நான்தான்.

போன வருடம் கம்பெனி புதுப் பொட்டலம் கொண்டுவந்தது. சப்பாத்திக்கள்ளிச் சாறு கலந்தது, சர்க்கரையைத் தானே கட்டுப்படுத்தும் என்று போட்டிருந்தது. கள்ளி ஒரு சிட்டிகை, மற்றதெல்லாம் பழைய பொடிதான். சர்க்கரை நோய் உள்ள உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் முகம் சுவரொட்டிக்கு வேண்டும் என்றார் ரெனே. நான் லோஷா வீட்டுக்குப் போனேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்கப் போனாலும் சரி, சண்டையைத் தீர்க்கப் போனாலும் சரி, விடிவதற்கு முன் பானத்தோடு போய் மண்டியிட்டுச் சின்னக் குவளையில் ஊற்றி நீட்ட வேண்டும். வாங்கிக் குடித்துவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். நான் பொடியைக் கரைத்து எடுத்துப் போனேன்.

“எழுந்திருங்க கொமாத்ரே, முழங்கால் தேஞ்சிடப் போகுது. இனிப்பே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே? நீங்கதானே எனக்குச் சொன்னீங்க.”

“இது கள்ளிச்சாறு கொமாத்ரே. பாருங்க, மூணு முத்திரை.”

“மூணா! எங்க நிலப் பத்திரத்துக்கே ஒண்ணுதான்.”

மூன்று முறை மறுத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. நான்காவது முறை சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தாள். அதன் பிறகு தினமும் மூன்று வேளை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள். இது இருக்கும்போது அது எதற்கு என்று அவளே விட்டாள். விட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் மெலிந்தாள். இடுப்புக் கச்சையை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேலி செய்தார்கள்.

“என்ன லோஷா, மறுபடி மாப்பிள்ளை பாக்கறியா?”

“பாத்தா என்ன? பயப்படாத, உன் புருஷனைக் கேக்க மாட்டேன்.”

நான் முன்னும் பின்னுமாக இரண்டு படம் எடுத்து அனுப்பினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ‘என் உடம்பு லேசாகிவிட்டது’ என்று அச்சடித்தார்கள். ஆறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். இப்படித் திடீரென்று மெலிவதும், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் எதன் அடையாளம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கண் மங்குகிறது என்று மருத்துவ நிலையத்துக்கு வந்தாள். வேறு ஆள் இல்லாததால் மொழிபெயர்க்க அப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் ஹிமேனாவுக்கு இருபத்துநான்கு வயது. விரலில் குத்திப் பார்த்தாள். கருவி எண்ணே காட்டவில்லை, சர்க்கரை அதன் எல்லையைத் தாண்டியிருந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லுங்க. இல்லேன்னா செத்துடுவாங்க. நீங்க இல்லேன்னா நான் ஊமை, பாஸ்குவாலா.”

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மேடை போட்டிருந்தார்கள். தலைநகரத்திலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் வருகிறார்கள், மரிம்பா வாத்தியம் வருகிறது. மலை முழுவதற்கும் என்னைத் தலைமை ஆலோசகராக அறிவிக்கப் போகிறார்கள். லோஷா என் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டே நாள்.

டாக்டர் சொன்னதை எல்லாம் லோஷாவிடம் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரி, ஊசி, மாற்றுத்துணி எல்லாம். ‘இன்றைக்கே’ என்பதற்குப் பதில் ‘திங்கட்கிழமை’ என்று சொன்னேன். செத்துவிடுவாய் என்பதைச் சொல்லவில்லை.

“வேற என்னமோ சொன்னாங்களே? அந்தப் பொண்ணு கண்ணெல்லாம் கலங்கியிருக்கு.”

“அது ஊரை நெனச்சு அழுகுது கொமாத்ரே. சின்னப் பொண்ணுதானே.”

“ஐயோ பாவம்” என்றாள் லோஷா. டாக்டரின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். டாக்டர் தேம்பிவிட்டாள்.

டாக்டரிடம், வீட்டில் ஆண்கள் இல்லை, திங்கட்கிழமைக்கு முன் வர மறுக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் கெஞ்சினாள். கெஞ்சியதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஊர் ஆம்புலன்ஸுக்கு டயர் இல்லை. நோயாளி பிடிவாதமாக மறுத்தால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது, மறுத்ததாக ஒரு படிவத்தில் ரேகை வாங்கிக்கொள்ளலாம். உங்கள் முன்னால் இருப்பது அந்தப் படிவம்தான். திங்கட்கிழமைக்கான சீட்டு என்று சொல்லித்தான் லோஷாவிடம் கொடுத்தேன். கீழே முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நாற்பத்தொரு வயதில் அவளுக்கு யாரும் கை தட்டியது அதுதான் முதல் முறை. அன்று சாயங்காலமே வாந்தி தொடங்கிவிட்டது. திங்கள் காலையில் வண்டி பிடித்தேன். நானேதான் பிடித்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மலைப் பாதை வளைவுகளில் தலை அடிபடாமல் இருக்க மடியில் வைத்துக்கொண்டேன். “நீங்க இல்லேன்னா எனக்கு யாரு இருக்கா கொமாத்ரே” என்றாள். நகரத்து எல்லைக்கு வருமுன் உயிர் போய்விட்டது.

நான் கொன்றேன் என்று டாக்டர் ஹிமேனா சொல்கிறாள். எர்லிண்டாவும் சொல்கிறாள். சட்டப்படி அப்படித்தான் இருக்கும், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் லோஷா கடைசி மூச்சுவரை என் கையை விடவில்லை. நான் கெட்டவளாக இருந்திருந்தால் அவளுக்குத் தெரியாமலா போயிருக்கும்?