அம்பயர் காணாத தொடுகை

— தக்காளி இல்லையெண்டு சொல்லிப்போட்டான். முன்னாலை பெட்டி பெட்டியாய்க் கிடக்குது, நான் கண்ணாலை பாக்கிறன், இல்லையாம். என்ரை சிவனே, ஒன்பது வருசமாய் அவனிட்டைத்தான் வாங்கிறன்.

— வேறை கடையிலை வாங்கும், செல்வமலர்.

— வேறை கடையோ? மீன்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறான். பாண்கடைக் கிழவி, போன கிழமை "சாம்பியனின்ரை அம்மா" எண்டு கூட ஒரு பாண் போட்டவள், இண்டைக்கு என்ரை முகத்தையே பாக்கேல்லை. இந்தப் போர்கோ வெக்கியோச் சந்தை முழுக்க எங்களோடை கோவம். உங்களுக்கு என்ன, பொலிதேயாமாவிலை அந்தப் பெரிய கட்டடத்து வாசலிலை கழுத்திலை ரையைக் கட்டிக்கொண்டு காவல் இருந்திட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவியள்.

— அங்கையும் இண்டைக்கு ஒருத்தரும் எனக்கு "போன்ஜோர்னோ" எண்டு வணக்கம் சொல்லேல்லை. நான் எல்லாருக்கும் சொன்னனான். அது என்ரை மரியாதை.

— உந்த மரியாதையைக் குடுத்து அரைக்கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு வாங்கோ பாப்பம்.

— ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கோவமோ? இப்பிடி ஒரு பேஸ்போல் கிளப் பலெர்மோவிலை இருக்கெண்டே போன வருசம்வரை இந்தச் சனத்துக்குத் தெரியாது. ஃபுட்போலைத் தவிர ஒண்டும் அறியாத ஆக்கள்.

— ஆறு வருசமும் கடைசியிலை நிண்ட கிளப்பை ஆர் போய்ப் பாப்பினம்? சம்பளத்துக்கு விளையாடுற ஆக்களே வெக்கத்திலை ஒளிச்சுத் திரிஞ்சவை. இந்த வருசம் எங்கடை உமாசுதன் போனாப்பிறகுதானே வெல்லத் தொடங்கினது. மைதானம் கூட்டப் போன பிள்ளை. விளக்குமாத்தை வைச்சிட்டு, கிடந்த தடியை எடுத்து ஒரு அடி அடிச்சானாம், பந்து மதிலுக்கு அங்காலை போய்க் கார்க் கண்ணாடியை உடைச்சுதாம்.

— கோச்சின்ரை கார்.

— அந்த மனிசன் கண்ணாடியைப் பாக்கேல்லை, பிள்ளையைக் கட்டிப்பிடிச்சவராம்.

— அது கிரிக்கெற் அடி. பன்னிரண்டு வயசுக்கு முதலே அதுக்கு அத்திவாரம் போட்டது நான்.

— ஓம், அத்திவாரம் போட்டதும் நீங்கள், வீட்டை இடிச்சதும் நீங்கள். பதினேழு மச் வெண்ட பிள்ளை! நேற்று ஒண்டு வெண்டிருந்தால் மேல் பிரிவு. எனக்கு இன்னும் ஒருக்கால் விளங்கப்படுத்துங்கோ. நான் வேலை செய்யிற சின்யோரா வீட்டிலை சட்டி கழுவிக்கொண்டு நிண்டனான், நீங்கள் நேரிலை பாத்தனீங்கள். அம்பயர் தப்பினான் எண்டு சொன்னவர்தானே?

— ஓம். ரெண்டு பகுதியும் அஞ்சுக்கு அஞ்சு. இவன் கடைசி வெள்ளைப் பலகைக்கு ஓடி வாறான். அதைத் தொட்டால் வெற்றி. அதுக்கு முதல், பந்தைக் கையிலை வைச்சிருக்கிறவன் இவனைத் தொட்டால் அவுட். இவன் சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தான். ஒரே தூசி. அம்பயர் ரெண்டு கையையும் விரிச்சார். தப்பியாச்சு எண்டு.

— அங்கை நிப்பாட்டியிருக்கலாமெல்லோ! சனம் உள்ளுக்கை இறங்கீட்டுதாம். கிளப் தலைவர், அந்தப் பிரெசிதெந்தே, சந்தோசத்திலை நிலத்திலை இருந்து அழுதவராம்.

— மற்றப் பக்கத்துப் பொடியன் தொட்டனான் எண்டு கத்தினான். அம்பயர் இவனைப் பாத்து, "உன்னைத் தொட்டவனோ?" எண்டு கேட்டார்.

— இவன் ஓம் எண்டான்.

— எழும்பி, தூசியைத் தட்டிப்போட்டு, "ஓம், முழங்காலிலை தொட்டவன்" எண்டான்.

— பேந்து மச் நீண்டு அடுத்த சுற்றிலை தோத்துப் போச்சு. ஒரு சொல்லு! அதைச் சொல்லாமல் இருக்க ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தாலே காணும்.

— அப்பிடிக் கிடக்க எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பழகேல்லை.

— வருது, வருது. தொண்ணூற்றாறாம் ஆண்டிலை இருந்து கொண்டு இனி ஐம்பத்தெட்டாம் ஆண்டுக்குப் போகப்போறார்.

— போகத்தான் வேணும். பள்ளிக்கூடக் கிரிக்கெற் மச். எனக்கு நாப்பத்தொன்பது ஓட்டம். ஒண்டு எடுத்தால் ஐம்பது. பந்து துடுப்பிலை பட்டுப் பின்னாலை போச்சு, கீப்பர் பிடிச்சான். அம்பயர் காணேல்லை, இல்லையெண்டு தலையை ஆட்டிப்போட்டார்...

— "நான் ஒருத்தரையும் பாக்கேல்லை, துடுப்பைக் கமக்கட்டுக்கை வைச்சுக்கொண்டு நடந்தனான்." எனக்கும் பாடம். எங்கடை ஐயா அந்தக் கதையைக் கேட்டுத்தான் என்னை உங்களுக்குக் கட்டித் தந்தவர். அவுட் எண்டு தெரிஞ்சு தானாய்ப் போன பொடியன் என்ரை மகளை ஏமாத்தான் எண்டவர்.

— ஏமாத்தினனானோ?

— அதை நான் சொல்லமாட்டன். நீங்கள் ஏமாத்தேல்லை. ஆனால் அண்டைக்கு எடுத்த உந்த மச்சுப் படத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலை மாட்டி வைச்சு, பிள்ளைக்குப் பாலோடை சேத்து அந்தக் கதையையும் பருக்கிப்போட்டியள். பொறுங்கோ, படியிலை சத்தம். அவன்தான். கத்தாதையுங்கோ.

— அம்மா, ஒரு கிளாஸ் தண்ணி தாங்கோ.

— இதென்ன தம்பி தலைமயிரிலை?

— தோடம்பழத் தோல். மேல்மாடியிலை இருந்து எறிஞ்சவை. நல்லகாலம், பழத்தைச் சாப்பிட்டிட்டுத்தான் எறிஞ்சவை.

— சிரிக்காதை! பிரெசிதெந்தே என்னவாம்?

— கடிதம் ஒண்டு தந்தவர். நாலு மணிக்குள்ளை கையெழுத்துப் போட்டுக் குடுக்கவேணும். அதை வைச்சு ஃபெதெராத்சியோனே எண்ட பேஸ்போல் சம்மேளனத்திலை முறைப்பாடு செய்வினம். வெற்றியை எங்களுக்குத் திருப்பித் தரக்கூடுமாம். தந்தால் கிளப் மேலை போகும். எனக்கு ரெண்டு வருசக் கொன்ராத்தோ, சம்பளத்துக்கு விளையாடுற ஒப்பந்தம். அதை வைச்சு இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவும் கரைச்சல் இல்லாமல் புதுப்பிக்கலாம்.

— கேட்டியளே? ரெண்டு வருசம் பிள்ளை விளக்குமாறு தொடத் தேவையில்லை.

— கடிதத்திலை என்ன எழுதியிருக்கு? படி.

— பிரயோசனம் இல்லை அப்பா.

— படி எண்டனான்.

— "நான், உமாசுதன் விக்னராஜா, இத்தாலியன் மொழி வடிவாய்த் தெரியாதவன்..."

— உனக்கோ? நீ நித்திரையிலையும் இத்தாலியனிலை எல்லோ பிசத்துறாய்!

— "...அம்பயர் என்னைக் கேட்டது எனக்கு விளங்கேல்லை. வெளிநாட்டுக்காரன் எண்டபடியாலை, பயந்து போய், ஓம் எண்டு சொல்லிப்போட்டன். உண்மையிலை என்னை ஒருத்தரும் தொடேல்லை." அவ்வளவுதான்.

— தொட்டவன்தானே?

— தொட்டவன். முழங்காலிலை இன்னும் கண்டல் காயம் இருக்கு, பாருங்கோ.

— அப்ப இதிலை கதைக்க ஒண்டும் இல்லை. கடிதத்தைத் திருப்பிக் குடுத்திட்டு வா.

— நான் கையெழுத்துப் போடப்போறன் அப்பா.

— இந்த வீட்டுக்குள்ளை இருந்து போடேலாது.

— அப்ப படியிலை இருந்து போடுறன்.

— தம்பி! அப்பாவோடை உப்பிடியே கதைக்கிறது?

— விடும் செல்வமலர். கதைக்கட்டும். எங்கடை பேரை ஒருக்கால் நினைச்சானோ எண்டு மட்டும் கேளும்.

— உங்கடை பேரை நினைச்சுத்தான் ஓம் எண்டனான்! தூசிக்குள்ளை கிடக்கிறன், அம்பயர் குனிஞ்சு கேக்கிறார், எனக்குக் கடவுளும் வரேல்லை, கிளப்பும் வரேல்லை. உந்தப் படம்தான் வந்தது. துடுப்பைக் கமக்கட்டுக்கை வைச்சுக்கொண்டு நிக்கிற நீங்கள். உங்களுக்கு மாலை போட்டவை, பிரின்சிபல் மேடையிலை ஏத்தினவர். எனக்குத் தோடம்பழத் தோல்.

— மாலைக்காகவோ நான் போனனான்?

— அது எனக்குத் தெரியாது. சல்வோவைத் தெரியுமெல்லோ? பந்தெறியிறவன், முப்பத்தெட்டு வயசு, இதுதான் அவனுக்குக் கடைசி வருசம். ஆறு வருசமும் தோத்துத் தோத்து அந்தக் கிளப்பை விட்டுப் போகாமல் நிண்ட மனிசன். நேற்று உடுப்பு மாத்திற அறையிலை சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தான். என்னை ஏசினால் தாங்கியிருப்பன். தோளிலை பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தான். நான் ஆரின்ரை காசிலை... இல்லை, ஆரின்ரை வாழ்க்கையைக் குடுத்து, அப்பா, நல்லபிள்ளையாய் இருந்தனான்?

— நான் எழும்பி நிண்டு கை தட்டினனான்.

— கேட்டது. அவ்வளவு சனமும் கூ அடிக்கேக்கை ஒரு சோடிக் கை. வெக்கமாயும் இருந்தது, அழுகையாயும் இருந்தது.

— நீங்கள் சொல்லவேயில்லையே எனக்கு, கை தட்டினதை! அடி விழாமல் வந்தது பெரிய காரியம்.

— அப்பா, ஒண்டு மட்டும் கேக்கிறன். நீங்கள் அண்டைக்குப் போனாப்பிறகு, எப்பவாவது, போகாமல் நிண்டிருக்கலாம் எண்டு நினைச்சனீங்களோ? ஒருக்காலும் இல்லையெண்டு சொல்லுங்கோ. உந்தப் படத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் இந்தக் கடிதத்தை இதிலையே கிழிச்சுப்போடுறன்.

— இஞ்சேருங்கோ, யோசிச்சுச் சொல்லுங்கோ. பிள்ளையின்ரை சீவியம்.

— சொல்லுங்கோவன் அப்பா. எத்தினை தரம் சொன்ன கதை.

— என்ன இது, ஏன் ரையை அவிழ்க்கிறியள்? கதிரையிலை இருங்கோ. தண்ணி தரட்டோ?

— தண்ணி வேண்டாம். அந்தப் படத்தைக் கழட்டித் தாரும்.

— சாமிக்குப் பக்கத்திலை இருக்கிறதை என்னத்துக்கு...

— தாரும், செல்வமலர். இஞ்சை பார் தம்பி. ரெண்டு பள்ளிக்கூடமும் சேந்து நிண்டு எடுத்த படம். இந்தக் கரையிலை நிக்கிற உயரமான பொடியனைத் தெரியுதோ? அவன்தான் எனக்குப் பந்து போட்டவன். அண்டைக்கு அவன்ரை பந்திலை எங்கடை ஒருத்தனுக்குப் பல்லு உடைஞ்சது, இன்னொருத்தனுக்கு விலா.

— அதை நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே.

— சொல்லேல்லை. அவன்ரை அந்தப் பந்து என்ரை காதடியாலை போனது. கீப்பர் பிடிச்சுக் கத்தினான். அம்பயர் இல்லையெண்டு தலையை ஆட்டினார். அம்பயர் சரியாய்த்தான் சொன்னவர். பந்து என்ரை துடுப்பிலை படேல்லை.

— படேல்லையோ?

— ஒரு நூல் அளவுகூடப் படேல்லை. அடுத்த பந்து என்ரை முகத்திலைதான் விழும் எண்டு நினைச்சனான். போறதுக்கு ஒரு வழி கிடைச்சுது, போனனான். பயத்திலை. எங்கடை ஆக்கள் இருந்த கொட்டிலுக்குக் கிட்டப் போகேக்கை எல்லாரும் எழும்பிக் கை தட்டினவை. என்னத்துக்கெண்டு விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினாப்பிறகு நான் மறுக்கேல்லை. அதுக்கு ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை, அம்மா சொன்னமாதிரி. வாயை மூடிக்கொண்டு நிண்டாலே காணும்.

— என்ரை சிவனே... எங்கடை ஐயா...

— உம்மடை ஐயாவுக்கும் சொல்லேல்லை. உமக்கும் சொல்லேல்லை. ஏழு ஓட்டத்தாலை எங்கடை பள்ளிக்கூடம் தோத்தது. நான் நிண்டிருந்தால் அந்த ஏழுக்கு மேலையும் எடுத்திருப்பன். நீ கேட்டியே தம்பி, நினைச்சனீங்களோ எண்டு. நினைக்காத நாள் இல்லை.

— உந்த மனிசனைத்தான் நான் ஊர் முழுக்க... கொஞ்சம் இருங்கோ, எனக்கு இருக்கவேணும்.

— இரும். நான் எழும்புறன், இந்தக் கதிரையிலை இரும். தம்பி, உந்தக் கடிதத்திலை "பயந்து போய்" எண்டு எழுதியிருக்கிறது என்ரை கதை, உன்ரை இல்லை. கையெழுத்துப் போடுறதெண்டால் இஞ்சையே, இந்த மேசையிலையே வைச்சுப் போடு. இனி என்ரை பேரைச் சொல்லி உன்னை மறிக்க எனக்கு வாய் இல்லை.

— பேனையைத் தாங்கோ அம்மா.

— இந்தா... வடிவாய் யோசிச்சனியோ? என்ன, ஏன் வெட்டுறாய்?

— "விளங்கேல்லை" எண்டதை வெட்டுறன். "பயந்து போய்", "ஒருத்தரும் தொடேல்லை" எண்டதுகளையும் வெட்டுறன். இப்ப எழுதுறன்: "அம்பயர் கேட்டது எனக்கு விளங்கினது. அவன் என்னைத் தொட்டவன்." உமாசுதன் விக்னராஜா. சரி.

— இதைக் கொண்டுபோய்க் குடுத்தால் கொன்ராத்தோவே தருவாங்கள்? விளக்குமாறுகூடத் தரமாட்டாங்கள்!

— தராட்டில் பக்கத்து ஊர் பகேரியாவிலை தோட்ட வேலை இருக்காம், பாப்பம். முதல் சல்வோவிட்டைக் காட்டப் போறன். அவனும் எனக்கு எறியிறதெண்டால் முகத்துக்கு நேரை நிண்டு எறியட்டும். அப்பா...

— சொல்லு.

— நேற்று அந்தத் தூசிக்குள்ளை, நான் உங்களுக்குப் பின்னாலை வாறன் எண்டு நினைச்சுத்தான் எழும்பினனான். அப்ப நான் ஆருக்குப் பின்னாலை போனனான்?

— ஒருத்தருக்குப் பின்னாலையும் இல்லை, தம்பி. எங்கடை பரம்பரையிலை அவுட் எண்டு தெரிஞ்சு தானாய் எழும்பிப் போன முதல் ஆள் நீதான்.